சாம்பல் நிறப் பந்தயக் குதிரை: தத்தெடுப்பதா, விலைக்கு வாங்குவதா?

கிள்ளானிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். அவருடைய மகளுக்கு 15 வயது. மூன்று ஆண்டுகளாகக் குதிரையேற்றம் பழகுகிறாள். பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட 6 வயதுச் சாம்பல் நிறத் தரோபிரெட் (பந்தயத்துக்கென வளர்க்கப்படும் இனம்) குதிரை ஒன்றை, "பணம் வேண்டாம், நல்ல கையில் சேர்ந்தால் போதும்" என்று சொல்லி ஒரு பயிற்றுநர் கொடுக்க முன்வந்திருக்கிறார். அதே நேரத்தில் வேறொரு லாயத்தில், சவாரிக்கு நன்றாகப் பழகிய, ஏறத்தாழ முழுவதும் வெளுத்துவிட்ட 12 வயதுக் குதிரை விலைக்கு வந்திருக்கிறது. பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாமில் வசிக்கும் ஒரு தம்பதியருக்கோ இரண்டும் வேண்டாம். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒன்றை நேரே வரவழைத்துவிடலாமா என்பது அவர்களுடைய கேள்வி. மூன்று பேருடைய மனத்திலும் இருப்பது ஒரே படம்தான்: வெள்ளைக் குதிரை.

பணம் கேட்காமல் பந்தயக் குதிரையைக் கொடுக்க ஆள் இருப்பதே சிலருக்கு வியப்பாக இருக்கலாம். குதிரைப் பந்தயம் நடத்திவந்த சிங்கப்பூர் டர்ஃப் கிளப் மூடப்படும் என்ற அறிவிப்பு 2023 ஜூனில் வந்தது. 2024 அக்டோபர் 5 அன்று அதன் கிராஞ்சி மைதானத்தில் கடைசிப் பந்தயம் நடந்து முடிந்தது. அதற்கு முன்பு கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய நான்கு மைதானங்களும் ஒரே வட்டமாக இயங்கி வந்தன. வட்டம் சுருங்கும்போது, ஓடி முடித்த குதிரைக்குத் தீனி போட விரும்பாத உரிமையாளர் அதை யாரிடமாவது ஒப்படைக்கப் பார்ப்பது இயல்பு. குதிரை சும்மா வருவதால் அது பழுதானது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. பழுதில்லாதது என்று நம்பிவிடவும் கூடாது.

எதை வைத்து எடை போடுவது

விலையை முதல் அளவுகோலாக வைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடிய விலங்கு. லாயத்தின் மாதக் கட்டணம், ஒரு கணக்குக்காக, 2,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 12 வயதுக் குதிரை 27 வயது வரை இருந்தால் 15 ஆண்டுகளுக்கு 360,000 ரிங்கிட் ஆகிறது. 6 வயதுக் குதிரை அதே வயது வரை இருந்தால் 21 ஆண்டுகளுக்கு 504,000 ரிங்கிட் ஆகிறது. சும்மா வந்த குதிரைக்கு 144,000 ரிங்கிட் கூடுதலாகச் செலவாகிறது. இளைய குதிரையில் சவாரி செய்யக்கூடிய ஆண்டுகளும் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் 15 வயது மகள் இன்னும் நான்கு ஆண்டுகளில் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவாள் என்றால், அந்த ஆண்டுகளை அனுபவிக்கப் போவது யார் என்று தந்தை யோசிக்க வேண்டும்.

ஆகவே நான் வரிசைப்படுத்துவது இப்படி: குதிரையின் உடல்நிலையைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்பது முதலாவது, ஏறி ஓட்டப் போகிறவரின் திறமைக்கும் குதிரையின் பழக்கத்துக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது இரண்டாவது, நம் ஊர் வெக்கையை அது தாங்குமா என்பது மூன்றாவது, மாதச் செலவை எத்தனை ஆண்டுகளுக்குத் தாங்க முடியும் என்பது நான்காவது, ஒருநாள் நம்மால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் அதற்குப் போக்கிடம் உண்டா என்பது ஐந்தாவது. நிறம் இந்த ஐந்துக்கும் பின்னால்தான் வர வேண்டும். ஆயினும் சாம்பல் நிறத்தில் மட்டும் ஒரு மருத்துவச் சிக்கல் ஒளிந்திருப்பதால், அதை முதலில் பேசிவிடுவது நல்லது.

சாம்பல் நிறம் கொண்டுவரும் கணக்கு

வெள்ளைக் குதிரை என்று நாம் சொல்பவற்றில் மிகப் பெரும்பாலானவை வெள்ளையாகப் பிறந்தவை அல்ல. கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ பிறந்து, ஆண்டுக்கு ஆண்டு முடி நரைத்து, முதலில் இரும்பின் நிறமாகவும், பிறகு வட்ட வட்டப் புள்ளிகளோடும், கடைசியில் வெண்மையாகவும் ஆகின்றன. சிலவற்றில் அதற்குப் பிறகும் அரிசி மாவில் மிளகாய்த்தூள் சிந்தியது போன்ற செம்புள்ளிகள் தோன்றும். தாய், தந்தை இரண்டில் ஒன்றாவது சாம்பலாக இல்லாமல் சாம்பல் குட்டி பிறப்பதில்லை. எஸ்டிஎக்ஸ்17 என்ற மரபணுவில் ஒரு துண்டு இரட்டித்துக் கிடப்பதே இந்த நரைக்குக் காரணம் என்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2008இல் வெளியிட்டது.

இதனால் இரண்டு அச்சங்கள் அடிபட்டுப் போகின்றன. முடி வெளுத்தாலும் அதற்கு அடியில் தோல் கறுப்பாகவே இருப்பதால், கோலாலம்பூர் வெயிலில் சாம்பல் குதிரையின் தோல் வெந்துவிடும் என்ற பேச்சுக்கு அடிப்படை குறைவு. மூக்கைச் சுற்றி இளஞ்சிவப்புத் தோல் இருந்தால் அந்த இடத்தை மட்டும் கவனித்தால் போதும். சாம்பல் குதிரை வலுவில்லாதது என்ற பேச்சும் அப்படித்தான். அமெரிக்காவில் 1950இல் பிறந்த நேட்டிவ் டான்சர் என்ற சாம்பல் குதிரை 22 பந்தயங்கள் ஓடி 21இல் வென்றது.

உண்மையான சிக்கல் மெலனோமா எனப்படும் கருங்கட்டிகள். 15 வயதைத் தாண்டிய சாம்பல் குதிரைகளில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு வரை இவை காணப்படுகின்றன என்பது மருத்துவ நூல்களில் வழக்கமாகத் தரப்படும் அளவு. வாலின் அடிப்பகுதி, ஆசனவாயைச் சுற்றிய இடம், உதடு, தாடைக்குப் பின்னால் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி ஆகியவை இவை வழக்கமாக முளைக்கும் இடங்கள். பெரும்பாலான கட்டிகள் பல ஆண்டுகள் மெல்ல வளர்ந்து குதிரைக்குத் தொல்லை தராமல் இருக்கும். சில பெருகிச் சாணம் போடுவதையே தடுக்கும், சில உள்ளுறுப்புகளுக்குப் பரவும். சிறிதாக இருக்கும்போது அறுத்து எடுப்பது எளிது.

இங்கேதான் வயது நமக்கு உதவுகிறது. 6 வயதுக் குதிரையின் வாலடியைத் தடவிப் பார்த்து ஒன்றுமில்லை என்று மகிழ்வதில் பொருளில்லை, ஏனென்றால் பெரும்பாலான கட்டிகள் முளைக்கும் வயது அதற்கு இன்னும் வரவில்லை. 12, 14 வயதுக் குதிரையின் வாலடியோ அது போகப் போகும் பாதையை ஓரளவுக்குக் காட்டிவிடும். தாயும் தந்தையும் சாம்பலாக இருந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த மரபணுவைப் பெற்றுவிட்ட குதிரைக்கு ஆபத்து கூடுதல் என்பதால், வம்சாவளிப் பத்திரத்தில் பெற்றோரின் நிறத்தையும் பாருங்கள். தரோபிரெட் இனத்தில் அந்தத் தகவல் கிடைப்பது எளிது.

மற்றொன்று சிறியது, ஆனால் அன்றாடமானது. நம் ஊர்ச் செம்மண்ணும் சிறுநீர்க் கறையும் சாம்பல் குதிரையின் மேல் எழுதி வைத்தது போலத் தெரியும். குளிப்பாட்டும் வேலையைச் செய்யப் போகிறவர் லாயத்தில் குதிரையைப் பராமரிக்கும் சைஸ்தான். அவருடைய நேரத்துக்கும் விலை உண்டு.

பந்தயத்திலிருந்து நேரே தத்தெடுத்தல்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். குதிரை விஷயத்தில் இந்தப் பழமொழியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட வேண்டும். தானமாக வரும் குதிரையின் பல்லைத்தான் முதலில் பிடித்துப் பார்க்க வேண்டும், பிறகு கால்களை. மலாயா லாயங்களில் தலைமுறை தலைமுறையாகச் சைஸ் வேலை பார்த்த தமிழர் பலர். அவர்களில் வயதான சிலர் இன்றும் குதிரையின் நெற்றிச் சுழியைப் பார்த்து ராசி சொல்வார்கள். சுழியைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. ஆனால் அதே பெரியவர் குனிந்து முன்னங்கால் தசைநாணை இரண்டு விரலால் நீவிப் பார்த்து முகத்தைச் சுளித்தால், அந்தக் குதிரையை விட்டுவிடுங்கள்.

எனக்கு அந்தப் பாடம் பட்டுத்தான் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் ஏற்றுக்கொண்ட ஒரு குதிரைக்கு முன்னங்கால் தசைநாணில் பழைய கிழிசல் இருந்தது. நடையில் தெரியவில்லை, கொடுத்தவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. மூன்றாம் மாதம் நொண்டத் தொடங்கியது. ஓராண்டு முழுவதும் அதன் மேல் ஏறாமல் கட்டணம் மட்டும் கட்டினேன்.

தசைநாண் காயம், மூட்டுத் தேய்வு, வயிற்றுப்புண் ஆகிய மூன்றும் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரையில் எதிர்பார்க்க வேண்டியவை. பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் வயிற்றுப்புண் மிகச் சாதாரணம். தானியம் மிகுந்த தீனியும் நீண்ட நேரம் லாயத்தில் அடைந்து கிடப்பதும் அதற்குக் காரணங்கள். மெலிந்து, முடி மங்கி, வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வரும் குதிரையைக் குணம் கெட்டது என்று சொல்வதற்கு முன் வயிற்றைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பழக்கம். கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் நிற்க வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பந்தயக் குதிரையோ அந்தப் பிடியின் மேல் சாய்ந்து இன்னும் வேகமாக ஓடப் பழகியிருக்கிறது. ஓட்டுநர் மேலே ஏறும்போது அசையாமல் நிற்பதும், விலாவை ஒட்டி நீண்ட கால்கள் தொங்குவதும் அதற்குப் புதியவை. சில மாதங்கள் ஓய்வு கொடுத்து, தீனியை மாற்றி, பிறகு அடிப்படையிலிருந்து பழக்கிச் சாதாரண சவாரிக்குக் கொண்டுவர ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் அனுபவமுள்ளவர் கையில். மூன்று ஆண்டு பழகிய 15 வயதுப் பெண் அந்த வேலையைத் தனியாகச் செய்யக் கூடாது. பயிற்றுநரை அமர்த்தினால், அவருக்குக் கொடுக்கும் ஓராண்டு ஊதியம்தான் இந்த இலவசக் குதிரையின் உண்மையான விலை.

தத்தெடுப்பை வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். மீண்டும் பந்தயத்தில் விடக் கூடாது, விற்கக் கூடாது, பெண் குதிரையாக இருந்தால் குட்டி ஈன வைக்கக் கூடாது என்ற நிபந்தனைகளைக் கொடுப்பவர் விதிக்கலாம், அவை நியாயமானவை. நீங்கள் பதிலுக்குக் கேட்க வேண்டியது, முடியாமல் போனால் திரும்பப் பெற்றுக்கொள்வார்களா என்பதையும், பழைய மருத்துவக் குறிப்புகளைத் தருவார்களா என்பதையும். குதிரை உங்கள் பெயருக்கு மாறிய நாளிலிருந்து 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் உங்களைத்தான் பொறுப்பாளியாக்கும். கொடுமை என்று நிரூபிக்கப்பட்டால் அபராதம் 20,000 ரிங்கிட்டில் தொடங்கி 100,000 வரை போகும், மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. தீனி போட முடியாமல் பட்டினி போடுவதும் அதில் அடங்கும்.

குதிரையைப் பழக்குவதையே விரும்புகிற, அவசரமில்லாத, ஏற்கெனவே ஒரு குதிரை வைத்திருந்த பெரியவருக்குத் தத்தெடுப்பைவிடச் சிறந்த வழி இல்லை.

பழகிய குதிரையை விலைக்கு வாங்குதல்

இங்கே நீங்கள் காசு கொடுப்பது இன்னொருவர் செலவழித்த ஓராண்டுக்கும், குதிரையைப் பற்றிய தகவலுக்கும். ஆகவே தகவலைக் கறந்துவிட வேண்டும். விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு கால்நடை மருத்துவரை நீங்களே அமர்த்தி, காலை மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிடும் சோதனை, முன்னங்கால் எக்ஸ்ரே, இதயம், கண், பல், வாலடி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தத்தையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வலி மருந்தோ மயக்க மருந்தோ கொடுத்துக் குதிரையைச் சாதுவாகக் காட்டும் வேலை எந்த நாட்டுக்கும் புதிதல்ல. சுர்ரா என்ற நோய்க்கான சோதனையும் அதே இரத்தத்தில் செய்துவிடலாம். டிரிப்பனோசோமா என்ற ஒட்டுண்ணியை மாட்டு ஈக்கள் பரப்புவதால் வருவது அது, நம் நாட்டில் இருக்கிறது.

ஒரு முறை பார்த்து வாங்காதீர்கள். சொல்லாமல் ஒருநாள் மாலை போய், லாயத்திலிருந்து வெளியே கொண்டுவருவது முதல் சேணம் கட்டுவது வரை பாருங்கள். மழை பெய்து முடித்த மறுநாளும் பாருங்கள், ஏனென்றால் தரோபிரெட்டின் குளம்புச் சுவர் மெல்லியது, ஈரமும் வறட்சியும் மாறி மாறி வரும் நம் ஊரில் லாடம் கழன்று குளம்பு உடைவது வழக்கமான தொல்லை.

12 வயதுக் குதிரையில் மறைந்திருக்கும் செலவு மறு விற்பனையில் இருக்கிறது. நான்கு ஆண்டு கழித்து 16 வயதுச் சாம்பல் குதிரையை, வாலடியில் இரண்டு கட்டிகளோடு, வாங்க யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள். போட்ட பணம் திரும்பாது என்று நினைத்துக்கொண்டு வாங்கினால் ஏமாற்றமில்லை. கிள்ளான் குடும்பத்துக்கு நான் சொன்ன பதில் இதுதான்: மருத்துவப் பரிசோதனையில் தேறினால், இரண்டில் 12 வயதுக் குதிரை.

ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்தல்

நம் மைதானங்களில் ஓடிய குதிரைகளில் மிகுதியானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவைதான். ஆகவே அங்கே போய்த் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. தேர்வுக்கு அங்கே குதிரைகள் ஏராளம். பதிவேடுகளும் தெளிவாக இருக்கும். விமானக் கட்டணம், ஏற்றுமதிக்கு முந்தைய தனிமைப்படுத்தல், இரத்தப் பரிசோதனைகள், இறக்குமதி அனுமதி, இங்கே வந்த பிறகு மீண்டும் தனிமைப்படுத்தல் என்று சேரும்போது, சாதாரண சவாரிக் குதிரை ஒன்றின் விலையைவிடப் பயணச் செலவு கூடிவிடும். நோய் வந்தால் வழியே அடைபடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: 2020இல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளை நோய் பரவி நூற்றுக்கணக்கான குதிரைகள் இறந்தபோது, இந்த வட்டாரத்தில் குதிரை வைத்திருந்த எல்லோரும் கலங்கிப் போனார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வெக்கைதான். குளிர்ந்த ஊரிலிருந்து வரும் குதிரைகளில் சில, நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் வியர்க்கும் திறனையே இழந்துவிடுகின்றன. வேலை முடிந்த பிறகும் தோல் உலர்ந்திருக்கும், மூக்குத்துளை விரிந்து மூச்சு வாங்கும், முகத்தில் முடி உதிரும். உறுதியான மருந்து இதற்கு இல்லை. விசிறி, நிழல், குளிர்ந்த நீர், விடியற்காலைச் சவாரி என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இங்கேயே பல ஆண்டு வாழ்ந்த குதிரைக்கும் இது வரலாம் என்றாலும், இரண்டு வறண்ட பருவங்களை நன்றாக வியர்த்துக் கடந்த குதிரையிடம் ஒரு சான்று இருக்கிறது. விமானத்திலிருந்து இறங்கும் குதிரையிடம் அது இல்லை. போட்டிகளில் கலந்துகொள்ளும் திட்டத்தோடு, குறிப்பிட்ட வம்சாவளியைத் தேடுகிறவர்களுக்கு மட்டுமே இந்த வழியைச் சொல்வேன்.

பங்குக்கு எடுத்தல்

வேறொருவருடைய குதிரையை மாதத் தொகைக்குப் பாதி நாள்கள் ஓட்டிப் பார்ப்பது. யாரும் கேட்காத வழி. பலருக்கு ஏற்ற வழி. மருத்துவச் செலவு யாருடையது என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டால் சிக்கல் குறைவு. ஆறு மாதம் கழித்தும் பிள்ளை விடியற்காலை ஐந்தரைக்குத் தானாக எழுகிறாளா என்பதும் தெரிந்துவிடும்.

| அளவுகோல் | தத்தெடுத்தல் | பழகிய குதிரையை வாங்குதல் | வரவழைத்தல் | பங்குக்கு எடுத்தல் |
|---|---|---|---|---|
| முதல் செலவு | மிகக் குறைவு. மருத்துவப் பரிசோதனை மட்டும் | நடுத்தரம் முதல் கூடுதல் வரை | மிகக் கூடுதல் | இல்லை |
| மறைந்த செலவு | ஓராண்டுப் பழக்குதல், பழைய காயம் | மறு விற்பனையில் இழப்பு | தனிமைப்படுத்தல், தாமதம் | ஒப்பந்தச் சண்டை |
| வெக்கை பழக்கம் | பெரும்பாலும் உண்டு | உண்டு. கண்ணால் பார்க்கலாம் | தெரியாது | உண்டு |
| கருங்கட்டி பற்றிய தகவல் | இளைய குதிரையில் கிடைக்காது | ஓரளவு கிடைக்கும் | வயதைப் பொறுத்தது | உங்கள் கவலை அல்ல |
| யாருக்கு ஏற்றது | அனுபவமுள்ளவர் | பழகும் பிள்ளைகள் உள்ள குடும்பம் | போட்டியாளர் | முதல் முறை யோசிப்பவர் |

எந்த வழியில் வந்தாலும் வயிறு ஒன்றுதான். 500 கிலோ எடையுள்ள தரோபிரெட் நாளுக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல் தின்னும். மாதத்துக்கு ஏறத்தாழக் கால் டன் அல்லது அதற்கும் மேல். நல்ல உலர்புல் பெரும்பாலும் இறக்குமதி என்பதால் ரிங்கிட் சரிந்தால் தீனி விலை ஏறும். லாடம் ஆண்டுக்கு ஒன்பது அல்லது பத்து முறை. லாயக் கட்டணத்தில் இவற்றில் எது சேரும், எது தனி என்பதைப் பட்டியலாகக் கேளுங்கள்.

கோலாலம்பூரில் ஒன்று, பினாங்கில் வேறு

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குதிரைக்கு வயிற்றுச் சூலை வந்தால் மணிக்கணக்கு முக்கியம்; அறுவை தேவைப்பட்டால் அந்தத் தூரமே உயிரைத் தீர்மானிக்கும். பினாங்கிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் அது 350 கிலோமீட்டருக்கு மேல். அங்கே குதிரை வைக்க நினைப்பவர், இரவிலும் வரக்கூடிய மருத்துவர் யார், லாயம் இருக்கும் நிலம் யாருடையது, குத்தகை இன்னும் எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது என்ற மூன்றையும் குதிரையைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். லாயம் மூடப்பட்டால் 500 கிலோ விலங்கை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்பது சிறிய கேள்வி அல்ல.

அந்தத் தம்பதியருக்கு இன்னொன்றும் எழுதினேன். பயண வண்டியைக் கண்டாலே பின்வாங்கும் குதிரைகள் உண்டு. நோவில் துடிக்கும்போது அவை ஏறவே ஏறா. ஆகவே எந்தக் குதிரையைப் பார்த்தாலும், சேணம் கட்டி ஓட்டிக் காட்டச் சொல்வதோடு நிற்காமல், வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி அதில் ஏற்றிக் காட்டவும் சொல்லுங்கள். ஏற மறுத்தால், ஏறப் பழக்கிய பிறகு வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.